அம்மன் பங்கு

கடலோரம் வீற்றிருக்கும் தாயே, உன் திருவடி சரணம்.

அன்று ஆடி வெள்ளி. வாட்ஸ்அப்பில் கணித ஆர்வலர்கள் கூடும் எங்கள் குழுவில், என் ஊரான உடப்பில் கரையில் நின்று பலர் சேர்ந்து இழுக்கும் கரைவலையை வைத்து நான் ஒரு புதிர் இட்டேன். பிடிபட்ட மீனில் பாதி, வலைக்குச் சொந்தக்காரரான வலைக்காரருக்கு. மீதி, இழுத்த பத்துப் பேருக்கும் சமமாக. ஒருவருக்கு மொத்தத்தில் என்ன பங்கு?

இருபதில் ஒன்று என்றனர் எல்லோரும்.

"பிழை. பிரிக்குமுன் கோயிலுக்குரிய அம்மன் பங்கை எடுக்க வேண்டாமா?" என்று எழுதினேன்.

"ஐயா, அம்மனும் வந்து வலை இழுத்தவவோ?" என்று ஒருவர் கேட்க, குழு முழுவதும் சிரித்தது.

குழுவில் இருந்த எங்கள் ஊர் வலைக்காரரையே சாட்சிக்கு அழைத்தேன். அவருடைய குரல்பதிவு வந்தது.

"ஐயா, அந்தப் பங்கு எடுக்கிறத நிப்பாட்டிக் கனகாலம். நீங்க கேட்டா மட்டும் ஓமெண்டு சொல்லுவம். வயசான மனுசன், மனசு நோகுமெண்டு ஊரில ஒருத்தரும் சொல்லேல்ல."

அதன்பின் எவரும் சிரிக்கவில்லை. வராத பங்குக்காக வெள்ளிதோறும் சந்நிதியில் நன்றிப் பதிகம் பாடிய என்னை, ஊரே இரக்கத்தோடு கேட்டுக்கொண்டிருந்திருக்கிறது. ஏளனம் செய்த அந்நியர்களை அன்றே மன்னித்துவிட்டேன். இரங்கியவர்களை இன்னும் மன்னிக்க முடியவில்லை.

இதை வாசிக்கும் அனைவருக்கும், முகத்துக்கு நேரே உண்மை சொல்லும் உறவுகளை அன்னை அருள்க.