அன்றைக்கே சொல்லியிருக்க வேண்டுமாம்!

போன செவ்வாய்க்கிழமை கண்டியில் ஒரு சட்டத்தரணியின் கந்தோரில் உட்கார்ந்திருந்தேன். பக்கத்துக் கதிரையில் கமலா. எங்கள் மேல்வீட்டுப் பெண். ஹேவாஹெட்டத் தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்து, பல்லேகலவில் ஒரு கார்மெண்ட்ஸில் பதினான்கு வருஷம் தைத்தவள்.

துணியை வேண்டுமென்றே பாழாக்கினாள் என்று வேலையை விட்டு நிறுத்திவிட்டார்கள். அப்பட்டமான பொய்! விவகாரம் நடுத்தீர்ப்பாளரிடம் போனது. அவர் தீர்ப்பும் வந்துவிட்டது - வேலை திரும்பக் கிடைக்காது. அதை எதிர்க்கத்தான் வந்திருந்தோம்.

"உங்கட சாட்சியை விசாரிக்கேல்லையோ?" என்றார் சட்டத்தரணி. யாழ்ப்பாணத்துக்காரர்.

"இல்லைங்க ஐயா. பக்கத்து மெஷின் குமாரி லீவு போட்டுட்டு வந்து வெளிய பெஞ்சுல உக்காந்திருந்துச்சு. தேவையில்லைன்னுட்டாரு."

"அண்டைக்கே எதிர்ப்புச் சொல்லிப் பதிஞ்சனீங்களோ?"

கமலா என்னைப் பார்த்தாள். "இல்லைங்க."

"அதுக்குப் பிறகும் நாலு தரம் போயிருக்கிறியள். ஒண்டும் சொல்லேல்ல. அப்ப நீங்கள் ஒத்துக்கொண்டதாத்தான் எடுப்பினம். தீர்ப்பு வந்த பிறகு சொன்னால் எடுபடாது."

எனக்கு வந்ததே கோபம்! ஒத்துக்கொண்டாளா? யார்? பெரிய ஆட்களுக்கு முன்னால் வாயைத் திறக்காதே என்று சொல்லிச் சொல்லியே வளர்க்கப்பட்டவள் ஐயா அவள்! எங்கள் பக்கத்தில் பேசாமல் இருப்பதற்குப் பெயர் மரியாதை. எல்லாம் முடியட்டும், பிறகு பார்த்துக்கொள்ளலாம்... இதுதானே நம் பழக்கம்? அந்தப் 'பிறகு' சட்டத்தில் இல்லையாம். அதை முதல் நாளே யாராவது அவளுக்குச் சொன்னார்களா? கையெழுத்துப் போட வேண்டிய இடத்தை மட்டும் அங்கே இருந்தவர்களுக்கு விரலால் காட்டத் தெரிந்தது!

படியிறங்கும்போது, "விடுங்க அக்கா" என்றாள் கமலா. "குமாரிக்கு என்ன சொல்றதுன்னுதான் தெரியல. எனக்காக வந்து நாள் பூரா காத்துக்கிட்டு இருந்துச்சு."

எப்படி விடுவது?

அன்று சாட்சி வேண்டாம் என்று நடுத்தீர்ப்பாளர் சொன்னதும் கமலா கதிரையை விட்டு எழுந்தாள். "ஐயா, ஒரு நிமிஷம்..." என்று ஆரம்பித்தும்விட்டாள். துணைக்குப் போன நான்தான் அவள் சேலையைப் பிடித்து இழுத்தேன்.

"சும்மா இரு கமலா. அவருக்குக் கோபம் வந்தா காரியமே கெட்டுரும். பிறகு பார்த்துக்கலாம்."

உட்கார்ந்துவிட்டாள். அக்கா சொன்னால் சரியாக இருக்கும் என்று நம்பினாள், பாவி மகள்.

கடைசி வரை அவருக்குக் கோபமே வரவில்லை. எனக்குத்தான் இப்போது வருகிறது. காலம் தாழ்த்தி... இதுவும் எடுபடாது!