டிரம் சீடர் இழுத்த ஞாயிறு

மண்ணூரில் எங்கள் பக்கம் பெண்கள் நாற்று நடலாம், களை எடுக்கலாம், அறுக்கலாம், தூற்றலாம். விதைக்க மட்டும் கூடாது. யாரும் இதைச் சட்டமாகச் சொன்னதில்லை. சொல்லத் தேவையே இருந்ததில்லை.

நான் வேளாண்மை படித்து முடித்து வந்தபோது நடவுக்கு ஆள் இல்லை. நட்ட பெண்கள் எல்லாம் கம்பெனி பஸ் ஏறி ஒரகடம் தொழிற்சாலைகளுக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். சொந்த நிலம் இருந்தும் அதைப் பற்றிப் பேச வீட்டில் இடமில்லாத அவர்களுக்காகத்தான் ஞாயிற்றுக்கிழமை விவசாய வகுப்பைத் தொடங்கினேன்.

வகுப்பு நடந்தது எங்கள் ரோட்டோர நிலத்தில். அதையே லாரி நிறுத்த வாடகைக்குக் கேட்டு ஒருவர் வந்துகொண்டிருந்தார். கூட்டி வந்தவர் என் சித்தப்பா. அப்பா முடிவாகச் சொல்லிவிட்டார்: விதைப்பு நன்றாக முளைத்தால் நிலம் வகுப்புக்கு, இல்லையென்றால் மண் கொட்டி மேடாக்கிவிடுவார்கள்.

டிரம் சீடர் என்ற விதைப்புக் கருவியை வாடகைக்கு எடுத்தேன். இரண்டு பக்கமும் சக்கரம், நடுவில் துளையிட்ட டிரம்கள். முளைகட்டிய நெல்லைப் போட்டுச் சேற்றில் இழுத்தால் துளை வழியே வரிசையாக விழும். நாற்றும் வேண்டாம், நடவும் வேண்டாம். விதை ஊறியது, முளைத்தது, வயலில் தண்ணீர் வடிந்தது. வகுப்புக்கு வந்த பெண்களிடம் டிரம்மில் கொஞ்சம் இடம் விட்டு நிரப்பச் சொல்லிவிட்டு மடையைப் பார்க்கப் போனேன்.

திரும்பி வந்தபோது இரண்டு பேர் இழுத்துக்கொண்டு எதிர் வரப்பு வரை போயிருந்தார்கள். பின்னால் சக்கரத் தடம் இருந்தது. விதை இல்லை.

வரப்பில் நின்ற சித்தப்பா சிரித்தார். "இன்னாம்மா, தேர் இழுக்கறீங்களா? சாமியக் காணோமே!"

மூடியைத் திறந்தேன். விளிம்பு வரை நெல். உருள இடமில்லாமல் இறுகிக் கிடந்தது.

"இடம் விடச் சொன்னேனே அக்கா?"

"கம்பெனில மிஷினுக்கு மேல ரொப்பற ஹாப்பர் காலியாச்சுன்னா லைன் நின்னுரும்மா. சூப்பர்வைசர் வந்து கத்துவாரு. கை தானா ரொப்பிடுச்சு," என்றார் ஒருவர்.

எல்லாரும் சிரித்தோம். சித்தப்பாவுக்கு மட்டும் எங்களை நிறுத்தச் சொல்ல அது போதுமான காரணமாக இருந்தது.

"வுடு. ரெண்டு ஆளைக் கூட்டியாரேன். கையால வீசிட்டுப் போவானுங்க. பொம்பளைங்க வேலையா இது?"

"மாமா, நான் அங்க ஃபோர்க்லிஃப்ட் ஓட்டிக்கினு கீறேன். இத இழுக்க மாட்டேனா?" என்றார் இழுத்தவர்களில் ஒருவர்.

அன்றே விதைத்தாக வேண்டும். விட்டால் முளை நீண்டு ஒன்றோடொன்று பின்னிக்கொள்ளும், துளையில் இறங்காது. சித்தப்பா சொன்னது சுலபமான வழிதான். வேண்டாம் என்றேன். அதிகப்படியான நெல்லை அன்னக்கூடையில் அள்ளினோம், பக்கத்துப் பட்டையில் மறுபடி இழுத்தோம். இப்போது விழுந்தது. கடைசி வரப்பு வரை நாங்களே இழுத்தோம்.

முதலில் இழுத்த பட்டை வெறுமையாகவே இருந்தது.

"அதுலயும் ஒரு தரம் இழுத்துடலாமா?" என்று கேட்டார்கள்.

"வேணாம். ரொப்பினா என்ன ஆகும்னு அடுத்து வர்றவங்க பாக்கட்டும்."

அப்பா சொன்னது நினைவில் இருந்தது. இருந்தும் விட்டேன். தவறை மூடி வைத்துப் பாடம் நடத்த எனக்கு வராது.

நெல் வரிசை பிடித்துப் பச்சையானபோது சித்தப்பா லாரிக்காரரோடு வந்தார். அப்பாவுக்கு வெறும் பட்டையைத்தான் முதலில் காட்டினார்.

"பாருண்ணே, லாரி வர பாப்பாவே வழி வுட்டுக்கீது."

அப்பா வரப்பிலிருந்து இறங்கி, ஒரு வரிசையோடே கடைசி வரை நடந்து, அடுத்த வரிசையோடு திரும்பினார்.

"எப்ப சார் மண் கொட்டலாம்?" என்றார் லாரிக்காரர்.

"பயிர் நிக்கிற எடத்துல எப்படிங்க கொட்டறது?" என்றார் அப்பா.

"சரி, அறுத்தப்புறம்?"

அவர் கேட்டது அப்பாவைத்தான். நான் சொன்னேன்.

"அறுத்தப்புறம் உளுந்து விதைக்கப் போறோம்."