பறித்த சோறு

தாதியர் பயிற்சியில், சாப்பாடு உடம்புக்குள் என்ன ஆகிறது என்ற பாடத்தை நான் படித்துக்கொண்டிருந்த சமயம் அது. ஜார்ஜ் டவுனில் நாங்கள் பயிற்சிக்குப் போன மருத்துவமனைக்கு, பக்கத்து ஊரான ஆயர் ஈத்தாமிலிருந்து ஓர் அக்காவைக் கொண்டுவந்தார்கள். கணவர் இறந்த துக்கத்தில் பல நாள் வெறும் தண்ணீர் மட்டும் குடித்துக் கிடந்தவர்.

மறுநாள் மதியம் அவருடைய அண்ணன் ஆட்டுக்கறிச் சோறு வாங்கி வந்தார். அக்கா முதல் கவளத்தை எடுக்கும்போதே நான் ஓடிப்போய்ப் பொட்டலத்தைப் பறித்தேன்.

"பட்டினி கெடக்கிறவ சோத்தப் புடுங்குறியே, நீயெல்லாம் மனுசியா?" என்று அண்ணன் கத்தினார்.

"காஞ்சு கெடந்த உடம்புலா, அண்ணே. திடீர்னு இவ்ளோ சாப்பிட்டா ரத்தத்துல உப்புச்சத்து கொறஞ்சு ஹார்ட்டே நின்னுடும். கொஞ்சங்கொஞ்சமாத்தான் குடுக்கணும்."

அப்போது அக்கா என் மணிக்கட்டைப் பிடித்தார். நகங்கள் சதையில் இறங்கின.

"நீ காலையில சாப்பிட்டுட்டுத்தானே வந்த?" என்றார்.

சாப்பிட்டுவிட்டுத்தான் வந்திருந்தேன். ஆனாலும் பொட்டலத்தை விடவில்லை.

டாக்டரும் வந்து அதையேதான் சொன்னார். அன்றைய ரத்தப் பரிசோதனையில் உப்புகள் ஆபத்தான அளவுக்குக் குறைந்திருந்தன. அளந்து அளந்து உணவு கொடுத்தோம். அக்கா தேறினார். ஆனால் என் கையால் எதையும் வாங்கவில்லை.

வீடு திரும்பிய நாளில் லிஃப்ட் வரை தானே நடந்து போனார். என்னைப் பார்த்ததும், "சோத்தப் புடுங்குனவ இவதான்" என்று அங்கே நின்றவர்களிடம் உரக்கச் சொன்னார்.

நான் செய்தது சரிதான். ஆனாலும் பட்டினி கிடந்து வந்த யாருக்காவது கஞ்சியை அளந்து ஊற்றும்போது, அவர் முகத்தைப் பார்க்க எனக்கு இன்றும் துணிவு வருவதில்லை.