சீனியும் கிராணியும் யானுக்கு நடந்த கதை

என் அக்கா குணசுந்தரிக்கு அறுபத்தொரு வயது. யாரிடமும் எதையும் கேட்க மாட்டாள். சொல்வாள், திட்டுவாள், கட்டளை போடுவாள். கேட்கிற பழக்கம் மட்டும் கிடையாது. பதினைந்து வயதில் ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டப் போனவள். அப்புறம் கையுறைத் தொழிற்சாலை. புருஷன் போன பிறகு லூனாஸில் என் வீட்டுக்கு வந்து சேர்ந்தாள். என் பெண்டாட்டியும் அதற்கு முந்தின வருஷம்தான் காலமாகியிருந்தாள். அக்கா வந்த நாளிலிருந்து என் வீட்டில் ரேடியோவுக்கு வேலை இல்லாமல் போனது.

லூனாஸுக்கு வெளியே ஒரு சீன முதலாளி, தவுக்கே என்போம், பள்ளிப் பிள்ளைகள் வந்து பார்ப்பதற்காக ஒரு பண்ணை வைத்திருந்தார். முயல், வாத்து, ஒரு குட்டைக் குதிரை, இரண்டு கழுதைகள். ஒன்பது வருஷம் அக்காவுக்கு அங்கேதான் வேலை. பெண் கழுதை அவள் உள்ளங்கையில் சீனி நக்கியே வளர்ந்ததால் அதற்குச் சீனி என்று பெயர் வைத்தாள். ஆண் கழுதைக்குக் கிராணி. தோட்டத்து ஆபீஸில் கணக்கு எழுதுகிற கிராணியைப் போலவே அதுவும் காலையிலிருந்து மாலை வரை தலையை ஆட்டிக்கொண்டு மும்முரமாக நிற்கும், ஆனால் வேலை ஒன்றும் நகராது. சீனி நடந்தால் அதுவும் நடக்கும். சீனி நின்றால் அதுவும் நிற்கும். சொந்தமாக ஒரு முடிவு எடுத்து நான் பார்த்ததில்லை.

இந்த வருஷம் பண்ணை நிலம் தொழிற்சாலைக்குப் போய்விட்டது. குதிரையை ஒருவர் வாங்கினார், முயலையும் வாத்தையும் பலர் வாங்கினார்கள். கழுதையைச் சீந்த ஆளில்லை. ஏதோ ஒரு மிருகக்காட்சி சாலையில் புலிக்கு இறைச்சி வாங்குகிறார்களாம் என்று தவுக்கே சொன்னார். வேடிக்கைக்குச் சொன்னாரோ நிஜமாகச் சொன்னாரோ தெரியாது. அக்கா அன்று இரவு சோறு தின்னவில்லை.

கடைசியில் யான் என்கிற ஊரில் ஓர் இடம் கிடைத்தது. ஜெராய் மலை அடிவாரத்தில், வயலோரமாக, ரொஹானி என்கிற மலாய்க்கார அம்மா விருந்தினர் தங்கும் வீடுகள் கட்டியிருந்தார். கழுதைகளை ஏற்றுக்கொள்கிறேன், ஆனால் சனிக்கிழமை மதியத்துக்குள் வந்து சேர வேண்டும் என்றார். பள்ளி விடுமுறைக்கு முதல் பஸ் அன்றைக்குத்தான் வருகிறது, பிள்ளைகளுக்கு மிருகம் காட்டுவதாக வாக்குக் கொடுத்திருக்கிறார். வராவிட்டால் பக்கத்து வீட்டு எருமையைப் பிடித்துக் கட்டிவிடுவார். தவுக்கேயும் அதே சனிக்கிழமை பண்ணைச் சாவியைக் கொடுத்தாக வேண்டும். ஆகவே யான், இல்லையென்றால் புலி.

லாரிக்கார முனியாண்டி ஞாயிற்றுக்கிழமை வந்தார். சீனி லாரியை ஒரு முறை பார்த்தது, திரும்பி நின்றது, பின்னங்காலால் ஒரே உதை. முன்விளக்கு உடைந்து லாரியின் ஒரு கண் போய்விட்டது. முனியாண்டி மிச்சமிருக்கிற ஒரு கண்ணோடு வீட்டுக்குப் போய்விட்டார்.

அக்கா என் பட்டறைக்கு வந்து, நாளைக்குக் காலையில் நடந்தே போகிறோம் என்றாள். கிட்டத்தட்ட தொண்ணூறு கிலோமீட்டர். "போகிறோம்" என்றால் யார் யார் என்று கேட்டேன். கழுதை இரண்டு, நான் ஒன்று, நீ ஒன்று என்றாள். வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொள்ள எனக்கென்ன தலையெழுத்து என்று கத்தினேன். மறுநாள் விடியும்போது என் காப்சாய் மோட்டார் சைக்கிளில் பெட்ரோல் நிரப்பிக்கொண்டு பின்னால் போய்க்கொண்டிருந்தேன்.

பெரிய ரோட்டில் லாரிகள் பறக்கும் என்பதால், செம்பனைத் தோட்டத்து மண் ரோடுகளில் சுற்றி, கோலா கெத்தில் வழியாகப் போவதாகத் திட்டம். சீனியின் முதுகில் இரண்டு மூட்டைத் தவிடு. கிராணியின் முதுகில் தண்ணீர்ப் புட்டிகள், பாய், குடை, சட்டி, அரிசி, ஊறுகாய். கழுதை சுமக்கிறது, அக்கா பேசிக்கொண்டே நடக்கிறாள், நான் ஆமை வேகத்தில் மோட்டாரை உருட்டுகிறேன். அந்த வேகத்தில் மோட்டார் ஓட்டிப் பார்த்தவனுக்குத்தான் அந்த முதுகு வலி தெரியும்.

வம்பு பாடாங் செராயிலேயே ஆரம்பித்தது. ரோட்டோரத்தில் ஒரு மலாய்க்காரப் பாட்டி வாழைப்பழத்தை மாவில் தோய்த்துப் பொரித்துக்கொண்டிருந்தார். எதிர்ப்பக்கம் நின்ற யாரையோ பார்த்து, "மாரி சீனி, சீனி!" என்று கூப்பிட்டார். எங்கள் சீனி காதை நிமிர்த்தியது. ரோட்டைக் கடந்தது. நேராகக் கடைக்குப் போய்ப் பாட்டியின் முன்னால் பணிவாக நின்று, தட்டில் இருந்ததில் பாதியைத் தின்றது. கிராணி மீதிப் பாதியைப் பார்த்துக்கொண்டது.

அக்காவுக்கு ஒன்றும் புரியவில்லை. ஒரு நாளும் இப்படித் திருடித் தின்னாத பிள்ளை என்று புலம்பினாள். எனக்குத்தான் முதலில் பொறி தட்டியது. எங்கள் காதில் சீனி என்று விழுந்தது பாட்டி சொன்ன 'சினி'; மலாயில் அதற்கு 'இங்கே' என்று அர்த்தம். 'மாரி சினி' என்றால் 'இங்கே வா'. பண்ணையில் பிள்ளைகள் அப்படிக் கூப்பிட்டிருந்தாலும் நடுவில் வேலி இருந்தது. ஒன்பது வருஷம் வேலிக்குள் இருந்த கழுதை, வெளியே வந்ததும் நாடே தன்னைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதாக நினைத்துக்கொண்டது.

அதைச் சொன்னதும் அக்கா நடுரோட்டில் நின்றுவிட்டாள். யான் வரைக்கும் எத்தனை கடை, எத்தனை பள்ளிக்கூடம், எத்தனை அம்மாக்கள் பிள்ளைகளைக் கூப்பிடுவார்கள் என்று இரண்டு பேரும் மனதுக்குள் எண்ணிப் பார்த்தோம். எண்ணி முடிப்பதற்குள் ஒரு பையன் தன் தங்கையைக் கூப்பிட, சீனி ஒரு வீட்டு வாசலுக்குள் போய்விட்டது.

அன்றைக்கே அக்கா அதன் பெயரை மாற்றினாள். இனிமேல் சர்க்கரை. அர்த்தம் ஒன்றுதானே, அதற்குப் புரியும் என்றாள். கழுதைக்கு அகராதி தெரியுமா என்று நான் கேட்டதற்கு இரண்டு நாள் எனக்கு ஊறுகாய் கிடைக்கவில்லை. சர்க்கரை, சர்க்கரை என்று அவள் தொண்டை வற்றக் கூப்பிட்டாள். அது யாரோ மூன்றாம் மனிதரைக் கூப்பிடுவதைப் போலக் கேட்டுக்கொண்டு நடந்தது. பிறகு தலைத்துண்டை எடுத்து அதன் காதுகளைச் சேர்த்துக் கட்டினாள். அந்தக் கோலத்தில் அது அசல் பால்மரத்துக்குக் கிளம்பின பொம்பளையாகவே இருந்தது. கோலா கெத்தில் கடைத்தெருவில் அதைப் படம் பிடிக்காதவர்கள் இல்லை. பிடித்தவர்கள் எல்லாரும், இங்கே பார் என்பதற்குச் சொன்ன வார்த்தையும் ஒன்றேதான், 'சினி'. துண்டு ஒன்றுக்கும் உதவவில்லை.

இரவுகளில் தோட்டத்துக் கோயில் கொட்டகைகளில் தங்கினோம். அக்கா எனக்கு ஆக்கிப் போட்டாள், கழுதைகளுக்குக் குளம்பு பார்த்தாள். ஒரு நிமிஷம் வாய் ஓயவில்லை. ஐம்பது வருஷத்துக் கதை, செத்தவர்கள் கதை, நான் சின்ன வயதில் டவுசரோடு செய்த காரியங்கள், எல்லாவற்றையும் கழுதைகளிடம் சொல்லிக்கொண்டே வந்தாள். கிராணி தலையாட்டிக் கேட்டது.

சுங்கை பட்டாணிக்குள் நுழைகிற இடத்தில் ஒரு போலீஸ்காரர் கையைக் காட்டி நிறுத்தினார். நாங்கள் நின்றோம், கழுதைகள் நிற்கவில்லை. அவர் கோபத்தில், "மாரி சினி!" என்றார். சீனி ஓடிப்போய் அவர் நெஞ்சில் தலையை வைத்துத் தேய்த்தது. பெர்மிட் எங்கே என்று கேட்கத்தான் அவர் வாயைத் திறந்திருக்க வேண்டும். கழுதைக்கு எந்தப் படிவம் எழுதுவது என்று அவருக்கும் தெரியவில்லை போலிருக்கிறது. சட்டையில் ஒட்டின எச்சிலைத் துடைத்துக்கொண்டு, போக்குவரத்தை நிறுத்தி எங்களுக்கு வழி விட்டார். நான் கூப்பிட்டா வராது, போலீஸ் கூப்பிட்டா வருது பார் என்று அக்கா பெடோங் வரை முணுமுணுத்தாள்.

இத்தனை கூத்திலும் சனிக்கிழமை காலை பத்து மணிக்கெல்லாம் யானுக்குப் பக்கத்தில் வந்துவிட்டோம். ஜெராய் மலை வலப்பக்கம் முழுசாகத் தெரிந்தது. இன்னும் ஐந்து கிலோமீட்டர். அங்கேதான் ஒரு வாய்க்கால், அதன் மேல் ஒரு பலகைப் பாலம். பலகைகளுக்கு நடுவில் விரற்கடை இடைவெளி, கீழே தண்ணீர் பளபளவென்று ஓடுகிறது. சீனி ஒரு காலை வைத்தது, தண்ணீரைப் பார்த்தது, காலை எடுத்துக்கொண்டது. கிராணி உட்கார்ந்தே விட்டது.

இழுத்தோம். தள்ளினோம். தவிட்டைக் காட்டினோம். மூட்டைகளை இறக்கி நானே சுமந்து அக்கரையில் வைத்தேன். பத்தரை ஆகிவிட்டது. சுற்றிப் போனால் அன்றைக்குப் போய்ச் சேர முடியாது. அக்கா பாலத்தைத் தாண்டி நின்று, கடைசியில் பழைய பெயரையே சொல்லிக் கூப்பிட்டாள். சீனி அவளை ஒரு பார்வை பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டது. ஐந்து நாளாக வேறு யாருடைய பெயரையோ சொல்லித் திட்டிக்கொண்டு வந்தவள் என்ற கோபம் அதற்கு இருக்காதா? அக்காவின் முகம் போன போக்கைப் பார்க்க எனக்கே கஷ்டமாக இருந்தது.

அக்கரையில் கொஞ்சம் தள்ளி ஒரு வீட்டில் கல்யாண விருந்து. பந்தல் போட்டு, ஐம்பது அறுபது பேர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். அக்கா அந்தப் பந்தலைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். பிறகு விறுவிறுவென்று போனாள். நான் அவளை அறிந்த ஐம்பத்தாறு வருஷத்தில் அவள் முதன்முறையாக வாய்விட்டு உதவி கேட்டதை அங்கேதான் பார்த்தேன். தோட்டத்து மலாயில், கையைக் கட்டிக்கொண்டு, என் கழுதைக்காக எல்லாரும் ஒரு வார்த்தை சொல்லுங்கள் என்று கேட்டாள்.

முதலில் சிரித்தார்கள். பிறகு எழுந்து வந்தார்கள். சோற்றுக் கையோடு வந்தவர்கள் உண்டு. ஒரு பெரியவர் தர்பூசணித் தோலைத் தூக்கிப் பிடித்தார். மாப்பிள்ளை கூட, தங்கச்சரிகை உடுப்போடு, கரையில் வந்து நின்றார். பிறகு எல்லாரும் சேர்ந்து ஒரே குரலில் கூப்பிட்டார்கள்.

"சினி! சினி! சினி!"

சீனிக்கு இரண்டு காதும் நேராக நின்றன. இத்தனை பேர் தன்னைக் கூப்பிட்டு அது கண்டதில்லை. தண்ணீரைப் பார்க்கவில்லை, பலகையைப் பார்க்கவில்லை, கல்யாணப் பெண்ணைப் போல நிதானமாக அடி வைத்துப் பாலத்தைக் கடந்து வந்தது. கிராணி பதறி எழுந்து பின்னால் ஓடி வந்தது. எங்களைச் சோறு தின்னாமல் போகக் கூடாது என்றார்கள். அக்கா இரண்டு பிடி மட்டும் தின்றுவிட்டு, நேரமாகிறது என்று கிளம்பினாள்.

பன்னிரண்டுக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது ரொஹானியின் வாசலில் நின்றோம். எருமை ஏற்கெனவே வந்து கட்டப்பட்டிருந்தது. ரொஹானி நல்ல மனுஷி. கழுதைகளைப் பார்த்ததும் எருமையை அவிழ்த்துத் திருப்பி அனுப்பினார். பஸ்ஸிலிருந்து பிள்ளைகள் இறங்கி வந்து சீனியின் மூக்கைத் தொட்டார்கள்.

அக்கா ரொஹானிக்கும் அங்கே வேலை செய்கிற இரண்டு பேருக்கும் ஒரு மணி நேரம் பாடம் நடத்தினாள். குளம்பை எப்படிச் சுத்தம் செய்வது, எந்தப் புல் ஆகாது, மழை வந்தால் கிராணிக்கு எந்தக் காது வலிக்கும் என்பது வரை. அவர்கள் எல்லாவற்றையும் செல்பேசியில் எழுதிக்கொண்டார்கள். சொல்லச் சொல்ல அவள் குரல் இறங்கிக்கொண்டே வந்தது. கடைசியில் சொல்வதற்கு ஒன்றும் மிச்சமில்லை. இரண்டின் நெற்றியையும் தடவினாள். அவை புல்லில் வாயை வைத்துக்கொண்டிருந்தன.

நானும் காத்திருந்தேன். இங்கே எனக்கு ஒரு வேலை கிடைக்குமா என்று அவள் கேட்டுவிடுவாள் என்று நினைத்தேன். ரொஹானியும் கொஞ்ச நேரம் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்ற மாதிரி இருந்தது. அக்கா செருப்பைத் தட்டிப் போட்டுக்கொண்டு என் மோட்டாரின் பின்னால் ஏறினாள்.

திரும்பும் வழியில் அவள் பேசவில்லை. மெர்போக் வந்தது, பேசவில்லை. பெடோங் வந்தது, பேசவில்லை. ஆறு நாள் வாய் மூடாமல் நடந்த ரோட்டை ஒரு வார்த்தை இல்லாமல் கடக்கிறாள். கண்ணாடியில் பார்த்தால், மலை இருக்கிற பக்கமே திரும்பிக்கொண்டிருந்தாள்.

"ஏன்க்கா கேக்கல?" என்றேன்.

"கழுதைக்கு இடம் கேட்டுத்தான்டா வந்தேன். எனக்கும் சேத்துக் கேட்டா நல்லாவா இருக்கும்? உனக்கு யாருடா ஆக்கிப் போடறது?"

எனக்கு அப்போது வந்த கோபம் கொஞ்சநஞ்சமில்லை. யார் மேல் என்று தெரியவில்லை. சுங்கை பட்டாணிக்குள் நுழையும் முன் மோட்டாரைத் திருப்பினேன்.

"எங்கடா போற?"

"பெட்ரோல் ஊத்த."

"பெட்ரோல் கடை முன்னால இருக்கு லா."

"யான்ல மலிவு," என்றேன்.

இந்த நாட்டில் பெட்ரோல் எங்கே போட்டாலும் ஒரே விலை. அது அவளுக்கும் தெரியும். என்னைத் திருத்தாமல் விட்டாள்.

ரொஹானியிடம் நான்தான் கேட்டேன். கேட்டால் கழுதையைக் கொண்டுவந்தவளையும் வேலைக்குப் பிடித்துக்கொள்கிற மாதிரி இருக்குமே என்று அவரும் கூச்சப்பட்டுக் கேட்காமல் இருந்தாராம். அன்றைக்கே சமையல்கட்டுக்குப் பக்கத்து அறையைத் திறந்துவிட்டார். அக்கா இப்போது அங்கேதான் இருக்கிறாள். வாரம் ஒரு முறை போன் பண்ணி என்னைத் திட்டுகிறாள். சோறு வடிக்கத் தெரியாதவன் என்று ரொஹானியிடமும் சொல்லி வைத்திருக்கிறாள்.

உண்மையும் அதுதான், எனக்கு வடிக்க வரவில்லை. கடையில் வாங்கித் தின்கிறேன். வீட்டுக்கு வந்ததும் ரேடியோவைப் போட்டுவிடுகிறேன், ஆனால் அதற்கு என்னைத் திட்டத் தெரியவில்லை. மோட்டாரைத் திருப்பினதற்கு நான் ஒரு நாளும் வருத்தப்பட்டதில்லை. அக்கா இல்லாத வீடுதான் எனக்குப் பிடிக்கவில்லை.