ஏசத் தெரியாத மொழிபெயர்ப்பாளர்

நான் குடியிருக்கும் நோர்பரியிலிருந்து இரண்டு பஸ் மாறி ஒரு சிறைக்குப் போவேன். கோர்ட்டிலும் ஆஸ்பத்திரியிலும் எத்தனையோ பேருக்கு மொழிபெயர்த்திருக்கிறேன். சிறைக்குள் அதுதான் முதல் தடவை.

போனது ஒரேயொரு கைதிக்காக. யாழ்ப்பாணத்தவர், நாற்பது வயதிருக்கும். கோபத்தில் ஒருவரை அடித்துப் படுகாயப்படுத்தி உள்ளே வந்தவர். நீதிபதி சொன்ன குறைந்தபட்ச ஆண்டுகள் முடிந்தும் வெளியே விடவில்லை. கோபத்தை அடக்கும் வகுப்பை முடித்தால்தான் விடுதலையைப் பற்றி யோசிப்போம் என்றார்கள். வகுப்போ ஆங்கிலத்தில், அவருக்கோ ஆங்கிலம் மட்டுமட்டு. தொடர்ந்து அடைத்து வைப்பதானால் திருந்துவதற்கு வாய்ப்புக் கொடுக்கத்தான் வேண்டும், அது அவருடைய சட்ட உரிமை என்று அவருடைய வக்கீல் சிறைக்கு எழுதி எழுதியே என்னைக் கூப்பிட வைத்தார்.

வகுப்பின் மூன்றாம் வாரம் நடிப்புப் பயிற்சி: ஆள் சீண்டினாலும் அவர் கோபப்படாமல் இருக்க வேண்டும். ஆசிரியை, சாப்பாட்டு வரிசையில் இடையில் புகுந்த ஆளாக நடித்து, "தள்ளடா மடையா!" என்று ஆங்கிலத்தில் கத்தினார். நான் அதைத் தமிழில் சொல்ல வேண்டும். கோயிலில் பஜனை பாடுகிற எனக்கு வாய் வரவில்லை.

"தம்பி, குறை நினைக்காதேங்கோ, கொஞ்சம் தள்ளி நிக்க ஏலுமோ?"

கைதி குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். 'பயிற்சியில் அக்கறை இல்லை' என்று ஆசிரியை அறிக்கையில் எழுதத் தொடங்கினார். பிழை என்னுடையது என்று சொல்லி, இன்னொரு தடவை செய்து பார்க்க விடச் சொல்லிக் கேட்டேன்.

"அக்கா, நல்லா ஏசுங்கோ. என்ரை விடுதலை உங்கடை வாயிலைதான் கிடக்கு," என்றார் அவர்.

ஆசிரியை மறுபடி கத்தினார். காலையில் குளித்துத் துடைத்த ஈரத்துவாயைக் கட்டிலில் எறிந்துவிட்டுப் போன என் மனுசனை நினைத்துக்கொண்டேன்.

"எருமை! விசரா! எத்தினை தரம் சொன்னனான்? கண் தெரியேல்லையே? துவாய் கொழுவுற கொழுக்கி என்னத்துக்குக் கிடக்கு?"

கைதி மூச்சை இழுத்து, வகுப்பில் சொல்லிக்கொடுத்தபடியே ஒண்டு, ரெண்டு என்று எண்ணினார். பத்து வந்தும் நான் முடிக்கவில்லை. திரும்ப ஒன்றிலிருந்து தொடங்கினார். காவலர் கதவால் எட்டிப் பார்த்தார்.

"நான் சொன்னது இரண்டே சொல்தானே?" என்றார் ஆசிரியை.

"தமிழில் கொஞ்சம் நீளும்," என்றேன்.

'கடுமையான சீண்டலிலும் நிதானம் இழக்கவில்லை' என்று ஆசிரியை எழுதினார். வகுப்பு முடிந்ததும் கைதி மெல்லக் கேட்டார்: "அக்கா, வீட்டிலை அண்ணை உயிரோடைதானே இருக்கிறார்?"

அடுத்த வருடம் அவரை விட்டுவிட்டார்கள். பிளேஸ்டோவில் தமக்கை வீட்டில் இருக்கிறார், ஒரு பேக்கரியில் வேலை என்று, பஸ்ஸுக்குக் காத்து நின்ற என்னிடம் வக்கீல் போனில் சொன்னார். அந்தச் சந்தோசத்தில் வந்து நின்ற பஸ்ஸைக் கோட்டைவிட்டேன்.