அமெரிக்க லேப்டாப்புக்குத் தெரியாத ரூட்டர்

அமெரிக்காவிலிருந்து அக்காவும் அத்திம்பேரும் பம்பாய் மாட்டுங்காவுக்கு வந்தால், முதல் இரண்டு நாள் எங்கள் வீட்டில் இந்தியாவின் மீது விசாரணை நடக்கும். சென்ற முறை கூண்டில் நின்றது வைஃபை ரூட்டர்.

அத்திம்பேரின் லேப்டாப்பில் அது தெரியவே இல்லை. கட்டடத்திலுள்ள மற்ற வீடுகளின் வைஃபை எல்லாம் பெயர் பெயராக வந்து நின்றது. கீழ்த்தளத்துப் பல் டாக்டருடையதுகூட இருந்தது. எங்களுடையது மட்டும் இல்லை.

அன்று மாலை ஏழு மணிக்கு அவருக்குப் புது மேலதிகாரியுடன் வீடியோ சந்திப்பு. யாரை வைத்துக்கொள்வது, யாரை அனுப்புவது என்று அந்த மனிதர் ஒவ்வொருவராகக் கூப்பிட்டுப் பேசிக்கொண்டிருந்தாராம். முகம் காட்டாவிட்டால் வேலை போகலாம் என்று அக்கா சமையலறையில் அம்மாவிடம் சொன்னாள். கூடத்தில் அத்திம்பேர் அதைச் சொல்லவில்லை. "இங்க இன்ஃப்ராஸ்ட்ரக்சரே இப்படித்தான்" என்றார்.

போனிலிருந்து இணைப்பு எடுக்கலாமே என்றேன். எங்களுடையது உள்பக்கத்து வீடு. போன் சிக்னல் குளியலறை ஜன்னலில்தான் ஒழுங்காகக் கிடைக்கும். அங்கிருந்து மேலதிகாரியைச் சந்திக்க அவர் சம்மதிக்கவில்லை.

ரூட்டரை அணைத்துப் போட்டார். அதன் ஆண்டெனாக்களைத் திருகினார். லேப்டாப்பைக் கொண்டுபோய் அதன் எதிரிலேயே வைத்துப் பார்த்தார். அம்மா இந்தியாவின் சார்பில் மன்னிப்புக் கேட்டு, இன்னொரு காப்பி கொடுத்தாள். கடைசியில் தீர்ப்பு வந்தது. "இது செத்துப்போச்சு. தூக்கிப் போடுங்கோ."

தாராவியிலிருந்து சமைக்க வரும் பெண்மணி அப்போது அடுப்பருகே எங்கள் வைஃபையில் சீரியல் பார்த்துக்கொண்டிருந்தார். "எனக்கு நல்லாத்தான மாமி எடுக்குது" என்றார். மலிவான போனுக்கு மட்டமான சிக்னலே போதும் என்று அத்திம்பேர் உடனே விளக்கினார். பத்திரிகை வேலையில் பல அமைச்சர்களைப் பார்த்திருக்கிறேன். அவர்கள் விளக்கத்துக்குக் கொஞ்சம் அவகாசம் எடுத்துக்கொள்வார்கள்.

அமைச்சர்களிடம் பழகிய பழக்கத்தில் விளக்கத்தை ஒதுக்கிவிட்டு, யாருக்குத் தெரிகிறது, யாருக்குத் தெரியவில்லை என்று பார்த்தேன். டிவிக்குத் தெரிந்தது. அப்பாவின் போனுக்கும் என் போனுக்கும் தெரிந்தது. தெரியாதவை அத்திம்பேரின் லேப்டாப்பும் அக்காவின் டேப்லெட்டும். இரண்டும் அமெரிக்காவில் வாங்கியவை. முந்தைய வருகையின்போது இதே ரூட்டரில் இரண்டும் வேலை செய்தன. நடுவில் என்ன மாறியது என்று பொதுவாகக் கேட்டேன்.

நாற்காலியில் கண்மூடி உட்கார்ந்திருந்த அப்பா, "நான்தான் சேனல மாத்தினேன்" என்றார்.

அப்பா ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்றவர். தினமும் மாலை போனில் உபன்யாசம் கேட்பார். அது நடுநடுவே நின்று சுற்றியதால், பக்கத்து வீட்டு ரூட்டர்கள் எந்தெந்தச் சேனலில், அதாவது எந்தெந்த அலைவரிசையில், இருக்கின்றன என்று பார்த்திருக்கிறார். "எல்லாரும் ஒண்ணு, ஆறு, பதினொண்ணுலயே தொங்கிண்டிருந்தா. பதிமூணுல ஈ காக்கா இல்லை. ஏறி உக்காந்துட்டேன்."

கூட்ட நேரத்து லோக்கல் ரயிலில் ஒரு பெட்டி மட்டும் காலியாக வந்தால் எந்தப் பம்பாய்க்காரனும் சந்தேகப்படுவான். ரயில்வேக்காரர் சந்தேகப்படவில்லை. தேடிப் படித்தேன். அமெரிக்காவில் விற்கும் பல கருவிகள் பதினொன்றோடு நிறுத்திக்கொள்கின்றன. அதற்கு மேல் எதுவும் இருப்பதாகவே அவை நினைப்பதில்லை. அந்த ஊர்ப் பழக்கம் இயந்திரத்துக்கும் வந்திருக்கிறது.

முதலிலேயே ஏன் சொல்லவில்லை என்று அக்கா கேட்டாள்.

"யாரு கேட்டா? செத்துப்போச்சுன்னார். மாப்பிள்ளை சொன்னா சரியாத்தான் இருக்கும்னு விட்டுட்டேன்."

அப்பா பதினொன்றுக்கு மாற்றியதும் லேப்டாப்பில் எங்கள் வைஃபை வந்து நின்றது. லேப்டாப் தானே குணமாகிவிட்டது போல அத்திம்பேர் அதைத் தட்டிக்கொடுத்தார். ஏழு மணிக்கு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

கூடத்தில் அப்பாவின் போனில் உபன்யாசகர் திறந்த வாயோடு நின்றார். அவர் முகத்தின் மேல் வட்டம் சுற்றியது. அப்பா கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுப் போனை அணைத்தார். "மூணு பேர் சீட்டுல நாலாவதா ஒருத்தர் வந்தா நகந்து இடம் விடணுமோல்லியோ" என்றார்.

கதவுக்குப் பின்னாலிருந்து அத்திம்பேரின் ஆங்கிலம் தெளிவாகக் கேட்டது. இந்திய ரூட்டரில் சின்னக் கோளாறு, நானே சரிசெய்துவிட்டேன் என்று மேலதிகாரியிடம் சொல்லிக்கொண்டிருந்தார்.

வேலை தப்பியது. அவர்கள் விமானம் ஏறிய மறுநாள் அப்பா மறுபடி பதின்மூன்றுக்குப் போய், காலை நீட்டிக்கொண்டு உபன்யாசம் கேட்டார்.