சொதியில் விழுந்த பொடி

எனக்கு எழுபத்து நாலு வயது. ஆறு பிள்ளைகளை வளர்த்தேன். ஒருத்தரும் தட்டில் மிச்சம் வைத்ததில்லை. கையெழுத்துக்கு மேல் எனக்கு எழுத வராது. நான் சொல்கிறேன், பேத்தி ஸ்ரீஜா எழுதுகிறாள். பதினொரு வயதுக்காரி. இவள்தான் போன வருஷம் என் சொதியை முகர்ந்துவிட்டு, வேண்டாம் என்பதற்கு "நக்கோ நானம்மா" என்று சொல்லித் தட்டைத் தள்ளியவள்.

நாங்கள் திருநெல்வேலிக்காரர்கள். இவள் தாத்தாவுக்குத் தொழிற்சாலையில் வேலை கிடைத்து, தெலுங்கு பேசும் குஷாய்குடாவுக்கு வந்தோம். ஊரில் மறுவீட்டு விருந்தில் சொதி இல்லையென்றால் சம்பந்தி முகத்தைத் திருப்பிக்கொள்வார். கடைசி மகனுக்கு வாய்த்த தெலுங்குச் சம்பந்தியம்மாவோ, தேங்காய்ப்பால் சொதியைப் பாயசம் என்று நினைத்துச் சர்க்கரை கேட்டாள். சிரித்துக்கொண்டே கொடுத்தேன். உள்ளே எரிந்தது.

அவள் வீடு இரண்டு தெரு தள்ளி. பள்ளி விட்டதும் ஸ்ரீஜா நேராக அங்கே போவாள். சம்பந்தி இரண்டு நிமிஷத்தில் நூடுல்ஸ் கிண்டித் தருவாள். நான் காலையிலிருந்து தேங்காய் துருவிப் பால் பிழிந்தது அடுப்பிலேயே ஆறிக்கிடக்கும். ஆச்சி என்று கூப்பிடாமல் தெலுங்கில் நானம்மா என்பதைக்கூடப் பொறுத்தேன். வாயில் அந்த மசாலா வாசத்தோடு வந்து, "அம்மம்மா சூப்பர்" என்பாள். அதைப் பொறுக்க முடியவில்லை.

கடையில் அந்த மசாலாப் பொடி தனியாகச் சரம் சரமாகத் தொங்குகிறது. வாங்கி வந்து புளிப்பானைக்குள் ஒளித்தேன். சொதியில் ஒரு பொட்டலம் விழுந்தது. பீன்ஸ் பொரியலில் தேங்காய்க்குப் பதில் பாக்கெட் சிப்ஸை நொறுக்கிப் போட்டேன். பிள்ளை மூன்று தரம் சோறு வாங்கினாள். நான் ஜெயித்துவிட்டேன்.

பிள்ளைக்குப் பாவாடைக் கொக்கி மாட்டாமல் போனபோதும் பூரிப்பாகத்தான் இருந்தது. டாக்டர் ரத்தம் எடுத்துப் பார்த்து, உள்ளுக்குள் அழற்சி இருக்கிறது, எடையும் கூடுதல், பாக்கெட் சாமான் பசியை அடங்கவிடாது, நிறுத்துங்கள் என்றார்.

"எங்க வீட்ல அம்மா சமையல்தான் டாக்டர். கடைச் சாமான் உள்ளயே வராது" என்றான் மகன்.

"எல்லாம் எங்கம்மா குடுத்த செல்லம்" என்று மருமகள் தலையைக் குனிந்தாள்.

அன்று சாயங்காலமே சம்பந்தி வந்தாள். என் கையைப் பிடித்துக்கொண்டு, "தப்பு நாதே, வதினா" என்று அழுதாள். தப்பு என்னுடையதுதான் மதினி என்கிறாள். இல்லை என்று சொல்ல எனக்குத் தெலுங்கு தெரியும். "ஹவ்" என்றேன், ஆமாம் என்று.

மூன்று மாதமாக அவள் நூடுல்ஸ் கிண்டவில்லை. பேத்தியும் அங்கே போவதில்லை. எடை மட்டும் குறையவில்லை. நாளைக்கு மறுபடி டாக்டர்.

பேனா நின்றுவிட்டது. ஸ்ரீஜா என்னைப் பார்க்கிறாள்.

"நிஜமாவா நானம்மா? அந்தச் சொதியிலயா?"

"ஆமாட்டி. எழுது."

புளிப்பானையில் மிச்சமிருந்த பொட்டலங்களைக் காலையில் குப்பையில் கொட்டி, பானையைக் கழுவிக் கவிழ்த்துவிட்டேன். இந்தத் தாளை நாளைக்கு முதலில் மகன் கேட்க வேண்டும், பிறகு சம்பந்தி. ஸ்ரீஜாவுக்குத் தமிழ் எழுத்துத் தெரியாது. என் பேச்சைத் தெலுங்கு எழுத்தில் எழுதியிருக்கிறாள். எழுத்து சம்பந்திக்குத் தெரியும், பேச்சு புரியாது. பேச்சு என்னுடையது, அந்த வளைந்த எழுத்தில் ஒன்றுகூட எனக்குத் தெரியாது. அவளுக்கும் எனக்கும் நடுவில் இவள்தான் உட்கார்ந்து படித்துச் சொல்ல வேண்டும்.

ஸ்ரீஜா, நான் "ஹவ்" சொன்ன இடத்தை விட்டுவிடாமல், முதலிலிருந்து ஒருதரம் வாசி.